லோக்கஸ்ட் மரம் நம்ம ஊரு சூட்டுக்கு வருமா?

வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன். மக கனடாவுல இருக்கா, அவ வீட்டு வாசல்ல ஒரு ஹனி லோக்கஸ்ட் மரம், எல நம்ம புளிய மரத்து எல மாதிரி பொடிசு பொடிசா, நெழலு கனமில்லாம அடியில புல்லு கூட பச்சையா இருக்கு, குளுருக்கு முன்னாடி மொத்தமும் மஞ்சளாயிருது. படத்துல பாத்ததிலேர்ந்து மனசு அதுலயே நிக்குது.

ஆன்லைன்ல லோக்கஸ்ட்னு போட்டு வித்த வெதைய வாங்கி சுடுதண்ணியில ஒரு ராத்திரி ஊற வச்சேன், தோலு அவ்ளோ கட்டி, பத்துல மூணுதான் மொளச்சிச்சி. இப்ப ஒரு சாண் ஒசரம். ஆனா எல முட்டை வடிவா இருக்கு, ஒவ்வொரு காம்பு அடியிலயும் ரெண்டு ரெண்டு முள்ளு. அப்ப இது லோக்கஸ்ட்னே பேரு உள்ள வேற மரம், பிளாக் லோக்கஸ்ட்தானே? அதுக்கு அகத்திப் பூ மாதிரி வெள்ளப் பூ கொத்துக் கொத்தா தொங்கும், வாசன தூக்கும், ஆனா பட்டை, எல, வெதை எல்லாம் விஷம், வேர்லேர்ந்து வேற கன்னு கெளம்பிக்கிட்டே இருக்கும். பக்கத்து வீட்டு ஆடு வேலி தாண்டி வரும், அதான் பயமா இருக்கு.

ரெண்டுமே வட அமெரிக்கா மரம், குளுருல எல உதுத்துட்டு தூங்குற சாதி, இங்க வருசம் பூரா வேக்காடு. கேமரன் மலைப் பக்கம் யாராச்சும் வளத்துப் பாத்தீங்களா? இல்ல பிடுங்கிட்டு சரக்கொன்றையே வச்சிரட்டுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, தொட்டி பத்தாம வேரு வெளிய வந்துருச்சி.