மறு: உண்ணல் பிறழ்வும் உடலளவும் – எந்தச் சொல்லை வைப்பது?

அன்பின் நண்பர்களுக்கு,

உண்ணல் பிறழ்வு (eating disorder) உள்ளவர் தன் உடம்பை உள்ளதைவிடப் பெரிதாக உணர்வதற்கு நம் கலைச்சொற் பட்டியலில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> "உடற்பருமன் பற்றிய தவறான எண்ணம்" என்று வைத்தால் எல்லாருக்கும் விளங்குமே?

விளங்கும் அக்கா, ஆனால் வேறொன்றாக விளங்கும். யாழ்ப்பாணத்தில் வைத்தியசாலைச் சுவரொட்டியில் 'உடற்பருமன்' என்று கண்டால், சீனியைக் குறை, நட என்றுதான் மனம் போகும். நாங்கள் தேடுவதோ, எலும்பும் தோலுமாக இருந்தும் தன்னைப் பருத்தவளாக உணரும் பிள்ளையின் நிலைக்கு ஒரு சொல். ஆகவே 'உடலளவு' போதும்.

'எண்ணம்' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அனொரெக்சியாவில் (பருத்துவிடுவோம் என்ற பயத்தில் உணவை மிகக் குறைத்து மெலியும் உண்ணல் பிறழ்வு) தன் உடம்பை அறிவதே குழம்புகிறது என்று உளமருத்துவர் ஹில்டே புரூக் 1962இலேயே எழுதினார். நெதர்லாந்தில் 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. அனொரெக்சியா உள்ள பெண்களை வெவ்வேறு அகலமுள்ள இடைவெளிகளுக்குள்ளால் நடக்க விட்டார்கள். எதைக் கவனிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. மற்றப் பெண்கள் தங்கள் தோளைவிட 25% அகலமான இடைவெளியில்தான் உடம்பைத் திருப்பத் தொடங்கினார்கள். இவர்களோ 40% அகலமாக இருந்தபோதே திருப்பினார்கள். யோசித்துச் செய்ததல்ல, கால் போகிற போக்கில் நடந்தது. கண்ணாடியும் இல்லை, தராசும் இல்லை. அதனால் 'எண்ணம்' போதாது, 'காட்சி' என்று முடிகிற சொல்லும் போதாது. 'புலக்காட்சி' (புலன்களால் அறிதல், perception) எங்கள் உளவியல் மாணவர்களுக்குப் பழகிய சொல்தான். ஆனால் பாடத்துக்கு வெளியே அதைக் கேட்பவருக்குக் கண் மட்டுமே நினைவுக்கு வரும்.

சென்னையிலிருந்து ஐயா தந்த 'உடல் மிகைமதிப்பீடு' முதலில் எனக்கும் பிடித்திருந்தது. சிக்கல் என்னவென்றால், உண்ணல் பிறழ்வுகளில் இன்னொரு விடயமும் உண்டு: தன் பெறுமதி முழுவதையும் எடையையும் உடல்வடிவையும் வைத்தே நிறுப்பது. சிகிச்சையாளர்கள் பலர் அதைத்தான் நோயின் அடிவேர் என்கிறார்கள். அளவைக் கூட்டி உணர்வது ஒன்று, அளவுக்குக் கூடுதலாக மதிப்புக் கொடுப்பது இன்னொன்று. 'மிகைமதிப்பீடு' இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடும். முதலாவது எல்லா நோயாளரிடமும் இருப்பதில்லை; அது இல்லாமலே இரண்டாவது கடுமையாக இருக்கலாம். வேண்டுமானால் இரண்டாவதற்கு 'உடல்வடிவ மிகைமுதன்மை' என்று தனியாக வைப்போம்.

'பிரமை', 'மாயை' வேண்டவே வேண்டாம். இங்கே வீட்டுக்காரருக்குப் 'பிரமை' என்று சொன்னால் விசர் (பைத்தியம்) என்றே எடுப்பார்கள். அதுவும் தவறு, பிசகு தன் உடம்பைப் பற்றியதில்தான்: 2012இல் வந்த இன்னொரு ஆய்வில், தான் ஒரு வாசலால் போகலாமா என்பதில் பிசகியவர்கள், வேறொருவர் போகலாமா என்பதைச் சரியாகவே சொன்னார்கள்.

என் முன்மொழிவு: உடலளவுத் திரிபுணர்வு.

'திரிபு' நமக்குப் புதிதல்ல. சைவசித்தாந்தம் படித்தவர்கள் பிழையான அறிவை ஐயம், திரிபு என்று அளவையில் (அறியும் வழிகளை ஆராயும் பகுதி) பிரிப்பதை அறிவார்கள். கயிறோ பாம்போ என்று தடுமாறுவது ஐயம். பாம்புதான் என்று துணிவது திரிபு. இந்த நோயில் இருப்பது தடுமாற்றம் அல்ல, அந்தத் துணிவு. ஒரு குறை: விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு கயிறாகிவிடும், இங்கே தராசைக் காட்டினாலும் உணர்வு அசையாது. அதற்காகச் சொல்லைக் கைவிடத் தேவையில்லை. வரைவிலக்கணத்தில் ஒரு வரி சேர்த்தால் சரி.

'விம்பம்' கேட்டவர்களுக்கு: உடல்விம்பம் (body image, தமிழ்நாட்டில் உடற்பிம்பம்) இதைவிடப் பரந்த கருத்து, விருப்பு வெறுப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். அதை அப்படியே விட்டுவிடுவோம்.

இன்னொன்று. பட்டியலில் யாரோ 'உணவுண்ணல் ஒழுங்கீனம்' என்று போட்டிருக்கிறார்கள். வகுப்பில் குழப்படி செய்த பிள்ளைக்கு எழுதிய அறிக்கை மாதிரி இருக்கிறது. 'உணவுக் கோளாறு' என்றால் நேற்றைய கொத்துரொட்டியில் பிழை என்று நினைப்பார்கள். 'உண்ணல் பிறழ்வு' என்று மாற்றிவிடுங்கள். அனொரெக்சியாவுக்குப் 'பசியின்மை' என்று எழுதியதும் சரியில்லை, அவர்களில் பலருக்கு நன்றாகவே பசிக்கிறது. நல்ல சொல் கிடைக்கும்வரை ஒலிபெயர்ப்பே இருக்கட்டும்.

உளவளத்துணையாளர்களுக்கான கைநூலில் திரிபுணர்வு வரலாம். பெற்றோருக்கான துண்டுப்பிரசுரத்தில் எந்தக் கலைச்சொல்லும் வேண்டாம் என்பது என் எண்ணம். "உங்கள் மகளுக்குத் தன் உடம்பு உள்ளதைவிடப் பெரிதாகப் படுகிறது" என்றால் அம்மாமார் விளங்கிக்கொள்வார்கள். அந்த வசனத்தில் யாருக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.