பேஸ் கிட்டாரில் பி கம்பி மட்டும் ஏன் குழம்புகிறது?

நண்பர்களே, ஒரு உதவி. என்னிடம் இருப்பது ஐந்து கம்பி ஜாஸ் பேஸ் கிட்டார், 500 வாட் ஆம்ப் (ஒலிபெருக்கி), 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று உள்ள 8 ஓம் கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி. அறையில் தனியாக வாசித்தால் தேன். டிரம்ஸ் சேர்ந்ததும் பி கம்பி வெறும் உறுமலாகிவிடுகிறது. எந்தச் சுரம் என்றே தெரிவதில்லை. ஈ கம்பியில் இந்தத் தொல்லை இல்லை.

ஆம்பில் தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பேஸ் குமிழைத் திருகிப் பார்த்தேன். ஸ்பீக்கரின் கோன் படபடவென்று அடித்துக்கொண்டதுதான் மிச்சம். பி கம்பியை அப்படியே மீட்டினால் 31 ஹெர்ட்ஸ். அதை இந்தப் பெட்டி முழுதாகத் தராது, சரி. காதுக்குச் சுரத்தைக் காட்டுவது 62-லும் அதற்கு மேலும் வரும் ஓவர்டோன்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் அதிர்வுகள்) தானே? அதனால் 250 ஹெர்ட்ஸ் பக்கம் குறைத்து, 800 பக்கம் ஏற்றினேன். கொஞ்சம் தெளிந்தது, ஆனால் விரல் உரசும் சத்தமும் கூடவே வந்துவிட்டது. கம்பிகள் புதுசு.

இதே பெட்டியோடு, பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு உள்ள 8 ஓம் பெட்டி ஒன்றைச் சேர்க்கலாமா? இரண்டையும் இணையாக (பேரலல்) சேர்த்தால் மொத்த மின்தடை 4 ஓம், ஆம்ப் தாங்கும். பதினைந்தும் பத்தும் கலந்தால் ஒத்துப்போகாது என்கிறார்கள் சிலர். இல்லை, பதினைந்தை விற்றுவிட்டு ஒரே மாதிரி இரண்டு வாங்குவதா? மேடையில் வாசித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், தூக்கிச் சுமப்பது நான்தான்; எடையையும் சொன்னால் புண்ணியம்.