மறு: "கழிவுமரக் கிட்டார்" வேண்டாம், "மீட்புமரம்" பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்து வருகிறேன். இடித்த வீட்டு உத்திரம், சரக்கு அடுக்கும் பேலட் கட்டை, எண்ணெய் டின் என்று கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்யும் கிட்டாருக்குத் தமிழில் என்ன பெயர் என்பது கேள்வி. காட்பாடியில் வீட்டுப் பின்கட்டில் நான் செய்வது இந்த வேலையைத்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கழிவுமரக் கிட்டார் என்றால் கேட்டவுடன் புரியும். எளிமையாகவும் இருக்கிறது.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். எங்கள் பக்கம் "கழிவு" என்று சொன்னாலே பாலாற்றில் கலந்த, தோல் பதனிடும் டேனரித் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். கழிவுநீர், கழிவறை, கழிவுக் கிடங்கு எல்லாமே இனி நமக்கு ஆகாது என்று தள்ளிவிட்டவை. இப்போது என் மேசை மேல் கிடப்பது குடியாத்தம் பக்கம் இடித்த ஓட்டு வீட்டுத் தேக்குத் தூலம். வீட்டுக்காரருடைய தாத்தா காலத்தில் ஏற்றியதாம். மேலே கரி பிடித்து, ஆணி ஏறி, பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. இழைப்புளி போட்டு இரண்டு இழுப்பு இழுத்ததும் உள்ளே தேன் நிறம். விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்கிறது. விறகுக்குப் போக இருந்ததை எடைக்கு வாங்கி வந்தேன். அதைக் கழிவு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பழைய வீட்டு மரத்தில் இசைக்கருவி செய்வது நமக்குப் புதிதும் இல்லை. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் 2022இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதை ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். அந்த ஆச்சா அன்று வெட்டிய மரமாக இருந்தால் உதவாது. பழைய வீடு இடிகிற இடமாகப் பார்த்து, தூணும் உத்திரமுமாகத் தேடி வாங்குகிறார்கள். எத்தனையோ வெயில் காலமும் மழைக் காலமும் பார்த்து, ஈரம் ஏறி இறங்கி அடங்கிப்போன மரம் என்றால்தான் கடைந்த பிறகு வெடிக்காது, கோணாது. அந்த நாதஸ்வரத்தை யாராவது கழிவுமர நாதஸ்வரம் என்று சொல்லியிருக்கிறார்களா? கல்யாண வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

கிட்டாருக்கும் கணக்கு அதேதான். ஆறு எஃகுத் தந்திகளைச் சுருதி கூட்டி இழுத்துக் கட்டினால், எல்லாம் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவிசை வரும். அதை இரவும் பகலும் தாங்குவது விரலால் பிடிக்கும் அந்தக் கழுத்து மரம். வேலூர் வெயிலில் சரியாகக் காயாத மரத்தில் கழுத்துப் போட்டால் ஒரே சித்திரை மாதத்தில் வில்லாகிவிடும். என்னுடைய முதல் கிட்டார் அப்படித்தான் போனது. மரக்கடையில் "நல்லா காஞ்சது" என்று சொல்லிக் கொடுத்த புதுப் பலகை. அடுத்த மே மாதம் தந்திக்கும் கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைந்தது. அதற்கப்புறம்தான் பழைய தூலத்தின் பக்கம் திரும்பினேன்.

(மெட்டு என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். ஃபிரெட்டுக்குப் போன வாரம் நான்கு புதுச்சொற்கள் வந்தன. வீணையில் 24 மெட்டு இருக்கிறது, தந்தியைத் தாங்கக் குதிரை இருக்கிறது, முறுக்கப் பிருடை இருக்கிறது. கிட்டாருக்கும் அவையே போதும். இதில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.)

> "மறுசுழற்சிக் கிட்டார்" என்று வைத்தால் என்ன? ஏற்கெனவே பாடநூலில் புழங்கும் சொல்.

புழங்கும் சொல்தான், ஆனால் வேறு காரியத்துக்கு. காகிதம் கூழாகி மறுபடி காகிதமாவது மறுசுழற்சி. பிளாஸ்டிக் உருகி மறுபடி வாளியாவதும் அதுதான். பழைய உருவம் அழிந்தால்தான் அந்தச் சொல் பொருந்தும். தூலத்தில் நான் காப்பாற்ற நினைப்பதே அதன் ரேகையையும் வைரத்தையும். அவை அழிந்தால் எனக்கு அந்த மரத்தால் பயனே இல்லை.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். நாம் இதுவரை முன்வைத்த சொல் எல்லாமே கிட்டாருக்குப் பெயர் வைக்கின்றன. ஆனால் கிட்டார் புதியது, பழையது அதன் பொருள்தான். இங்கிலாந்தின் குவீன் ராக் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கும் பிரையன் மே பள்ளிப் பையனாக இருந்தபோது, 1963இல், தன் அப்பாவோடு உட்கார்ந்து ஒரு மின்கிட்டார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மேற்சட்டம். உடம்பின் நடுவில் பழைய மேசையின் ஓக் மரம். மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங், மெட்டுப் பலகையில் புள்ளிக்கு அம்மாவின் முத்துச்சிப்பிப் பொத்தான். கழுத்தில் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்களாம். எனக்கு அந்தத் தீக்குச்சி ரொம்பப் பிடிக்கும். குடியாத்தத்துத் தீப்பெட்டியை வைத்து நானும் அப்படி அடைத்திருக்கிறேன், நன்றாகவே நிற்கிறது. அந்தக் கிட்டாரை அவர் வாழ்நாள் முழுக்க மேடையில் வாசித்திருக்கிறார். அமெரிக்காவில் கிட்டார் செய்பவரான பாப் டெய்லர் 1995இல் சரக்கு ஏற்றும் பேலட்டின் ஓக் கட்டையில் ஒரு கிட்டார் செய்து காட்டினார். இவை இரண்டும் புத்தம் புதுக் கருவிகள். "பழைய கிட்டார்", "மறுவாழ்வுக் கிட்டார்" என்றெல்லாம் சொன்னால், உடைந்து கிடந்த கிட்டாரை ஒட்டிக் கொடுத்ததாக ஆகிவிடும். அது தனி வேலை, அதையும் நான் செய்கிறேன், அதற்கு வேறு கூலி. ஆகவே பெயரை மரத்துக்கு வையுங்கள், கிட்டார் கிட்டாராகவே இருக்கட்டும்.

சரி, மரத்துக்கு என்ன பெயர்? ஆறு மாதமாக நான் நோட்டில் எழுதி வைத்திருந்தது "மீட்டுமரம்". விறகாகப் போகாமல் மீட்டது, தந்தி கட்டியபின் மீட்டுவது, இரண்டும் ஒரே சொல்லில் வந்து விழுந்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கே அனுப்பியதும் ஆரணித் தமிழாசிரியர் அம்மா இப்படி எழுதினார்கள்:

> மீட்கிறேன், மீட்டேன், மீட்பு ஒரு வினை. மீட்டுகிறேன், மீட்டினேன், மீட்டல் வேறு வினை. வினைத்தொகையாக "மீட்டுமரம்" என்றால் மீட்டிய மரம், மீட்டுகின்ற மரம், மீட்டும் மரம் என்றுதான் விரியும். காப்பாற்றிய பொருள் அதில் வராது.

அம்மா சொல்வது சரி. இரண்டு நாள் மல்லுக்கட்டிப் பார்த்தேன், வழியில்லை. நகையை மீட்டேன், வீணையை மீட்டினேன். வாயில் வைத்தாலே வேறுபாடு தெரிகிறது. "மீள்மரம்" என்று சுருக்கினால் மரம் தானாகத் திரும்பி வந்த மாதிரி ஆகிறது. ஆகவே மீட்புமரம். "மீட்டு" கையைவிட்டுப் போனதில் வருத்தம்தான். ஆனாலும் மீட்புமரத்தில் செய்த கிட்டாரை மீட்டினான் என்று ஒரு வாக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த ஒலி எப்படியும் கிடைத்துவிடுகிறது.

சொல்லைப் பட்டறையில் வைத்துப் பார்க்காமல் அனுப்ப மனமில்லை. எனக்கு மரம் அறுத்துக் கொடுக்கும் ஆசாரி ஒருவர் சத்துவாச்சாரியில் இருக்கிறார். அவரிடம் "கழிவுமரம்" என்றபோது, "தூளா சார், பட்டையா?" என்று கேட்டார். "மறுசுழற்சி மரம்" என்றதற்குப் பதிலே வரவில்லை. "மீட்புமரம்" என்றதும் கொஞ்சம் யோசித்து, "அடகு கடையிலேர்ந்து மீட்ட மாதிரியா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப சரிதான், வீட்டோட போக இருந்ததை மீட்டுட்டு வர்றீங்க" என்று அவரே முடித்தார். நகையை அடகு வைத்து மீட்காத வீடு நம் ஊரில் எது? யாரும் விளக்காமலே அந்தச் சொல்லுக்குள் பொருளுக்கு மதிப்பு உண்டு, அது கைவிட்டுப் போக இருந்தது, உழைத்துத் திரும்ப வாங்கினோம் என்ற மூன்றும் இருக்கின்றன. கலைச்சொல்லுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

> மீட்பு என்றால் கிறித்தவ வழக்கில் ஆன்ம மீட்பு. குழப்பம் வராதா?

வேலூரில் இந்தக் கேள்வி வராமல் போகாது, கேட்டதும் நல்லதுதான். எங்கள் ஊரில் கிட்டார் கற்றவர்களில் எனக்குத் தெரிந்த பாதிப்பேர் தேவாலயப் பாடகர் குழுவில் தொடங்கியவர்கள். போன வருடம் ஒரு பழைய ஆலயத்தில் உடைந்த பெஞ்சுகளை மாற்றினார்கள். அந்தத் தேக்குக் கட்டையில் அங்கேயே வாசிக்கும் பெண்ணுக்கு ஒரு கிட்டார் செய்து கொடுத்தேன். மீட்புமரம் என்று அவளிடம் சொன்னபோது அவளுக்குக் குழப்பம் எதுவும் வரவில்லை. "எங்க பாட்டி உட்கார்ந்த பெஞ்சு அண்ணா இது" என்று பலகையைத் தடவிப் பார்த்தாள். வெள்ளத்தில் மீட்புப் பணி என்கிறோம், கடன் மீட்பு என்கிறோம். பக்கத்தில் நிற்கும் சொல் பொருளைக் காட்டிவிடும்.

இன்னொரு வசதி, இந்தச் சொல் பெருகும். எண்ணெய் டின்னில் உடம்பு செய்தால் மீட்புத் தகரம். ஆம்பூரில் வெட்டி மீந்த ஆட்டுத்தோலை மேலே போர்த்தினால் மீட்புத் தோல். தோல் போர்த்துவது யாழிலேயே உண்டு, பொருநராற்றுப்படை அதைப் போர்வை என்றே சொல்கிறது. ஸ்பெயினில் கிட்டார் செய்த தோரெஸ் 1862இல் ஒரு கிட்டாருக்குப் பக்கமும் முதுகும் காகித அட்டையில் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் போட்டார். பார்சிலோனா அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. ஒலியைப் பெரும்பாலும் மேற்பலகைதான் தருகிறது என்று காட்டச் செய்தது அது. அப்படிப் பழைய அட்டையில் யாராவது செய்தால் மீட்பு அட்டை என்று நாம் தயங்காமல் எழுதலாம்.

விளக்கம் எழுதும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மீட்கக் கூடாத மரமும் உண்டு. ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் இருந்து வரும் பேலட்டில் முத்திரை இருக்கும். எச்.டி. (HT) என்றால் சூடேற்றியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, தொட வேண்டாம். டேனரியில் தோல் சுழற்றும் பெரிய மர டிரம்கள் கழித்துக் கட்டும்போது அருமையான கனமான பலகை கிடைக்கும். எனக்கும் ஆசை வந்தது. ஆனால் ஆண்டுக்கணக்காகக் குரோமியத்தில் ஊறிய மரம் அது. அறுத்தால் வரும் தூளை மூச்சில் இழுப்பது நாம்தான், பக்கத்தில் விளையாடும் பிள்ளைகள்தான். அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

வரைவு இது: "மீட்புமரம்: கட்டடம், அறைகலன், பெட்டி முதலியவற்றில் ஒருமுறை பயன்பட்டு, விறகாகவோ குப்பையாகவோ போக இருந்து, உருவம் சிதையாமல் எடுத்து வேறு பொருள் செய்யப் பயன்படுத்தும் மரம்."

இதில் எனக்கே ஒரு இடம் இடிக்கிறது. 2016 டிசம்பரில் வார்தா புயலில் சென்னையில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்துண்டு ஒன்று எட்டு ஆண்டுக்கு மேலாக என் கொட்டகையில் காய்கிறது. விறகாகப் போக இருந்ததுதான், ஆனால் எந்த வீட்டையும் தாங்கியதில்லை. "ஒருமுறை பயன்பட்டு" என்பதை எடுத்துவிட்டால் அது உள்ளே வரும். எடுத்தால் வரையறை தளர்ந்துபோகுமோ என்றும் பயம். ஆரணி அம்மாவும் மற்றவர்களும் பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அதை அறுக்கப் போகிறேன்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து