18 இன்ச் கம்மோடு: அவசியமா, தண்டச் செலவா?

மடிப்பாக்கம்_மூர்த்தி:
நம் மன்றத்தில் பாத்ரூம் புதுப்பிப்பது பற்றிய இழையில் நேற்று ஒரு மேதாவி எழுதியது: "வயதானவர்கள் இருக்கும் வீட்டில் 18 இன்ச் உயரத்துக்குக் குறைவாக வெஸ்டர்ன் கம்மோடு வைப்பது அவர்களைத் தண்டிப்பதற்குச் சமம்." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. என் மாமியார் நாலே முக்கால் அடி. 18 இன்ச்சில் உட்காரவைத்தால் பாதம் தரையில் பாவாது. விளிம்பு தொடையின் பின்பக்கத்தை அழுத்தி, கால் மரத்துப்போய், எழும்போதுதான் விழுவார். 15 இன்ச் போதும். யாரைத் தண்டிக்கிறோம் என்று இப்போது சொல்லுங்கள்.

ரேவதி_பிசியோ:
அந்த மேதாவி நான்தான் சார். இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் சொல்வதே, முழங்கால் இடுப்பை விட மேலே போகக்கூடாது என்பதுதான். உங்கள் 15 இன்ச்சில் சராசரி உயரமுள்ள ஆண் உட்கார்ந்தால் முழங்கால் எங்கே இருக்கும்? மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அணுகல் வழிகாட்டுதல்களும் 450 முதல் 480 மில்லிமீட்டர் என்றுதான் சொல்கின்றன. கணக்குப் போட்டால் 18 வரும்.

குழாய்_குமரேசன்:
ஒரு சந்தேகம். 15, 18 என்கிறீர்களே, எதுவரைக்கும்? பீங்கான் விளிம்பு வரையா, சீட்டின் மேல்பரப்பு வரையா? சீட் மட்டுமே ஏறக்குறைய ஒரு இன்ச் ஏறும். அப்புறம் பழைய தரைக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டினால் அந்த அளவு குறையும்.

மடிப்பாக்கம்_மூர்த்தி:
அந்த வழிகாட்டுதல் பொதுக் கட்டிடங்களை மனதில் வைத்து எழுதியது அம்மா. என் வீட்டு பாத்ரூம் என்ன எழும்பூர் ரயில் நிலையமா? அறுவை செய்தவருக்கு வேண்டுமானால் மெடிக்கல் கடையில் விற்கும் ரெய்சரை, அதாவது சீட்டை உயர்த்தும் துணைச் சீட்டை, வாங்கி மேலே மாட்டுங்கள், 2 இன்ச், 4 இன்ச் எல்லாம் கிடைக்கிறது. குணமானதும் கழற்றிப் பரண்மேல் போடலாம். அதற்காகக் கம்மோடையே உடைத்து மாற்றுவதா? 15. அவ்வளவுதான்.

ரேவதி_பிசியோ:
ரெய்சரை ஒழுங்காக இறுக்காமல் விட்டுவிட்டு, பாட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் அதுவும் கூடவே நகர்வதை நான் நிறைய வீடுகளில் பார்த்தாயிற்று. நீங்கள் ஒரு மாமியாரைப் பார்த்தீர்கள். 18தான்.

தென்காசி_தங்கம்:
எங்கள் தாத்தா கடைசிவரை குந்திதான் உட்கார்ந்தார். முழங்கால் வலி என்ற பேச்சே கிடையாது. வெஸ்டர்ன் வந்துதான் எல்லாருக்கும் மூட்டு போயிற்று.

ரேவதி_பிசியோ:
தங்கம் அண்ணே, மூட்டு போனவர்கள்தான் வெஸ்டர்னுக்கு வருகிறார்கள். முன்னதைப் பின்னதாக்காதீர்கள்.

மடிப்பாக்கம்_மூர்த்தி:
தங்கம் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. முழங்கால் சற்று மேலே இருந்தால் மலம் சிரமமில்லாமல் வெளியேறும், இதை டாக்டர்களே சொல்கிறார்கள். மலச்சிக்கல் இல்லாத முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார்? 18 இன்ச்சில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு முக்கச் சொல்கிறீர்களா?

ரேவதி_பிசியோ:
அப்படிப்பட்டவர்கள் காலடியில் ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொள்ளலாம்.

மடிப்பாக்கம்_மூர்த்தி:
ஆஹா! முதலில் கம்மோடை உயர்த்துவானேன், பிறகு காலை உயர்த்த முக்காலி போடுவானேன்? ஈரத் தரையில் முக்காலி வேறு. ராத்திரி 2 மணிக்கு அதில் இடறினால் நீங்களா வந்து தூக்குவீர்கள்? இதைத்தான் தண்டச் செலவு என்கிறேன். 15.

குழாய்_குமரேசன்:
சார், சீட்டோடு 15ஆ, சீட் இல்லாமல் 15ஆ? கடையில் பெரும்பாலும் கிடைப்பதே விளிம்பு வரை 15, 16 இன்ச்தான். சீட் போட்டால் உங்களுடையதே 16க்கு மேல் போய்விடும். மேடம் சொல்லும் 450 மில்லி சீட்டின் மேல்பரப்பு வரைக்கும் என்றால் இரண்டு பேருக்கும் ஒரு இன்ச், ஒன்றரை இன்ச்சுக்குத்தான் சண்டை.

மடிப்பாக்கம்_மூர்த்தி:
குமரேசன், பொடி விஷயங்களில் இறங்க வேண்டாம். கொள்கையைப் பேசுகிறோம்.

சிராங்கூன்_செல்வம்:
உயரத்தையே பிடித்துத் தொங்குகிறீர்களே, கைப்பிடியை யாரும் பேசவில்லையே. இங்கே சிங்கப்பூரில் வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீடுகளுக்கு 2012 முதல் முதியோருக்கான ஈஸ் திட்டம் இருக்கிறது. கைப்பிடி, தரை வழுக்காமல் இருக்கப் பூச்சு, சாய்தளம் எல்லாம் மானிய விலையில் செய்து தருகிறார்கள். பக்கத்தில் பிடிக்க ஒரு கம்பி இருந்தால் 16 ஆனாலும் எழுந்துவிடலாம்.

மடிப்பாக்கம்_மூர்த்தி:
வந்துவிட்டார் சிங்கப்பூர் துரை. கிரானைட் இழையிலும் இவர் இப்படித்தான், எதைக் கேட்டாலும் "இங்கே" என்று ஆரம்பிப்பார். எங்கள் வீட்டில் டவல் ராடு இருக்கிறது. பிடித்துக்கொள்ள அது போதும்.

குழாய்_குமரேசன்:
டவல் ராடா? ஐயோ சார். அது துண்டின் எடையைத் தாங்கத்தான். இரண்டு சின்ன ஸ்க்ரூ, அதுவும் டைல்ஸுக்குப் பின்னால் கலவை பிடிக்காமல் காலியாக இருக்கும் இடத்தில் இறங்கியிருக்கும். ஆள் முழு எடையையும் போட்டு இழுத்தால் ராடு கையோடு வரும். பிடித்து எழும் கைப்பிடியான கிராப் பார் என்றால் செங்கல்லுக்குள் ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும்.

மடிப்பாக்கம்_மூர்த்தி:
வீடு கட்டியபோது போட்ட ராடு, இன்றைக்கும் அசையவில்லை.

சிராங்கூன்_செல்வம்:
அண்ணே, கிரானைட் இழையில் நான் சொன்னதைக் கேட்காமல் வெள்ளை வாங்கி, மஞ்சள் கறை பிடித்தது யார் வீட்டில்?

மடிப்பாக்கம்_மூர்த்தி:
அந்தக் கதை இங்கே எதற்கு?

தென்காசி_தங்கம்:
எந்தக் கறை? நான் அந்த இழையைப் பார்க்கவில்லையே, யாராவது சொல்லுங்கள்.

ரேவதி_பிசியோ:
சரி, விஷயத்துக்கு வருவோம். பழைய கோப்பையை எடுக்கவே மனமில்லை என்றால் அடியில் 3 இன்ச் மேடை கட்டியாவது ஏற்றுங்கள். மொத்தம் 18 வந்தால் சரி.

குழாய்_குமரேசன்:
மேடம், அப்படிச் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள், அப்புறம் திட்டு வாங்குவது நாங்கள். எஸ்-டிராப் என்றால் தரைக்குள் போகும் குழாயை நீட்டி மேடை கட்டிவிடலாம், இணைப்பு ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் போதும். பி-டிராப் என்றால் வெளியேற்றம் சுவருக்குள் போகிறது. கோப்பை 3 இன்ச் ஏறினால் சுவரிலுள்ள ஓட்டை கீழேயே நிற்கும். சுவரை உடைக்க வேண்டும். மேடையும் கோப்பையின் அடிப்பாகத்தோடு நிற்க வேண்டும். முன்னால் நீட்டிவிட்டால் காலும் கூடவே ஏறிவிடும், ஏற்றியதற்கு அர்த்தமே இல்லை. எப்படியும் உடைக்கத்தான் போகிறீர்கள் என்றால் சுவரில் மாட்டும் வால் ஹங் கம்மோடு போடலாம், உங்களுக்கு வேண்டிய உயரத்தில் ஃப்ரேமை வைத்துக்கொள்ளலாம். செலவு ஏறும்.

மடிப்பாக்கம்_மூர்த்தி:
பார்த்தீர்களா, குமரேசனே என் பக்கம். உடைக்காதே, செலவு செய்யாதே. 15.

குழாய்_குமரேசன்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை சார்.

ரேவதி_பிசியோ:
அவர் சொன்னது 18ஐ எப்படிக் கொண்டுவருவது என்று. தமிழில்தானே எழுதியிருக்கிறார்?

சிராங்கூன்_செல்வம்:
கதவைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ளவே முடியாது. வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றுங்கள்.

மடிப்பாக்கம்_மூர்த்தி:
வெளியே திறந்தால் எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினில் இடிக்கும். சிங்கப்பூரில் அரண்மனையா கட்டிவைத்திருக்கிறார்கள்? கேட்பது கம்மோடு, நீங்கள் பேசுவது கதவு. கடைசியாகச் சொல்கிறேன், குள்ளமானவர்களுக்கு 18 ஆகவே ஆகாது.

ரேவதி_பிசியோ:
இப்போது "குள்ளமானவர்களுக்கு" என்று சேர்த்துக்கொண்டீர்களா? காலையில் எல்லாருக்கும் 15 என்றீர்களே.

மடிப்பாக்கம்_மூர்த்தி:
எல்லாருக்கும்தான். குள்ளமானவர்களுக்கு முக்கியமாக.

குழாய்_குமரேசன்:
சார், ஒரே ஒரு வேலை. இஞ்ச் டேப் எடுத்து, சீட்டைக் கீழே போட்டு, தரையிலிருந்து அளந்து சொல்லுங்கள்.

மடிப்பாக்கம்_மூர்த்தி:
அளக்க என்ன இருக்கிறது? வாங்கும்போதே கடைக்காரர் 15 என்றுதான் சொன்னார்.