நாய்க்கும் பூனைக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுக் கோளாறு: பட்டினி போடலாமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் நாய்க்கு (4 வயது, 18 கிலோ) நேற்று மாலையிலிருந்து வயிற்றுப்போக்கு இருக்கிறது. இரண்டு முறை வாந்தியும் எடுத்தது. ஆனால் துள்ளல் குறையவில்லை, தண்ணீரும் குடிக்கிறது. உடன் வளரும் பூனை இன்று காலை முதல் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகிறது. ஒரு நாள் பட்டினி போட்டால் இரண்டுக்கும் சரியாகிவிடும் என்கிறார்கள். அது சரியா? இயற்கையாக வேறு என்ன கொடுக்கலாம்?

பதில் 1:
வேறு நோயில்லாத வளர்ந்த நாய்க்கு 12 மணி நேரம் உணவு கொடுக்காமல் இருப்பதில் தவறில்லை. தண்ணீரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். குட்டியாக இருந்தால் இந்தப் பட்டினியும் கூடாது, இரத்தச் சர்க்கரை சட்டென இறங்கிவிடும். அதன்பின், தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி இறைச்சி ஒரு பங்கும் குழைய வெந்த வெள்ளைச் சோறு இரண்டு பங்கும் எடுத்து, உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் சேராமல் பிசைந்து, நாளைக்கு நான்கைந்து முறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். வேகவைத்து மசித்த பூசணி ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம். அதன் நார் நீரை ஈர்த்து மலத்தைக் கட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால், மலச்சிக்கலுக்கும் அதே பூசணிதான். மலம் கட்டியான பிறகு மூன்று நான்கு நாட்களில் படிப்படியாகப் பழைய உணவுக்கு மாற்றுங்கள். வயிற்றுக்கு நல்லது என்று பூண்டைத் தட்டிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். பூண்டும் வெங்காயமும் நாய், பூனை இரண்டுக்குமே சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு.

பதில் 2:
மேலே நண்பர் சொன்ன பட்டினி நாய்க்கு மட்டுமே. பூனையைப் பட்டினி போடவே கூடாது. சாப்பிடாத பூனையின், அதிலும் பருத்த பூனையின், உடற்கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து, இரண்டு மூன்று நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். கோழியைச் சோறு சேர்க்காமல், மணம் எழும்படி வெதுவெதுப்பாக வைத்துப் பாருங்கள். 24 மணி நேரம் எதுவும் உண்ணாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். மூலிகை எண்ணெய்களும் பாராசிட்டமாலும் பூனைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. அவற்றைச் சிதைத்து வெளியேற்றும் திறன் அதன் கல்லீரலுக்குக் குறைவு. பூனை நூல் எதையாவது விழுங்கியதா என்றும் நாக்கின் அடியில் பாருங்கள். நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள், குடல் அறுபடும்.

பதில் 3:
இரண்டுக்கும் மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். திரும்பத் தாமதமானாலோ, ஈறு பிசுபிசுவென்று ஒட்டினாலோ, மலத்தில் இரத்தம் இருந்தாலோ, பூசணியெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நாயின் ஈறு உடனே சிவந்தது. கோழிச் சோற்றையும் தட்டோடு நக்கிவிட்டது. பூனையின் நாக்கடியில் வெள்ளை நூல் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. தொடாமல் அப்படியே கூடையில் வைத்து மருத்துவமனைக்குக் கிளம்புகிறேன்.