மறு: ‘பொது-தனியார் கூட்டாண்மை’யில் விவசாயி எங்கே?

வேளாண் கையேட்டை மொழிபெயர்க்கும் கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அரசும் கம்பெனியும் சேர்ந்து நடத்தும் ‘பப்ளிக் பிரைவேட் பார்ட்னர்ஷிப்’புக்கு (சுருக்கமாகப் ‘பிபிபி’) கையேட்டில் என்ன சொல் வைப்பது என்ற மடல்களை நான்கு நாளாக ஃபோனில் படித்துக்கொண்டே இருந்தேன், பதில் எழுதத்தான் முடியவில்லை. ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு, டியூஷன் முடியவே ராத்திரி ஒன்பது ஆகிவிடுகிறது. இன்றைக்கு எப்படியோ உட்கார்ந்துவிட்டேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘பிபிபி’க்குப் ‘பொது-தனியார் கூட்டாண்மை’ என்று அரசு ஆவணங்களிலேயே வந்துவிட்டது. மேம்பாலத்துக்கு ஒரு சொல், வயலுக்கு ஒரு சொல் என்று எதற்குப் பிரிக்க வேண்டும்?

ஐயா, பிரிக்கத்தான் வேண்டும். மேம்பாலம் கட்டும்போது அரசு ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம், அவ்வளவுதான். வண்டி ஓட்டுகிறவர் சுங்கம் கட்டிவிட்டுப் போய்விடுவார். வயலில் நிலம் விவசாயியுடையது, உழைப்பு அவருடையது, மழை பொய்த்தால் கடனும் அவர் தலையில்தான். ஆனால் சொல்லில் பொது இருக்கிறது, தனியார் இருக்கிறது, அவரைக் காணோம். போன வாரம் டியூஷனில் கூட்டாண்மைப் பாடம் நடத்தினேன். 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒரு தொழிலின் லாபத்தைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டவர்களுக்கு இடையிலான உறவுதான் கூட்டாண்மை; பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். பாடம் முடிந்ததும், நாம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் கையேட்டில் ஒரு பக்கத்தை, சும்மா பார்ப்போமே என்று, பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ‘சிறு விவசாயிகளுக்கான பொது-தனியார் கூட்டாண்மை’ என்று சத்தமாகப் படித்துவிட்டு, “மிஸ், இதுல விவசாயி பார்ட்னரா, கஸ்டமரா?” என்று கேட்டாள். அடுத்த கணக்கைப் போடச் சொல்லிச் சமாளித்தேன்.

அப்புறம் இந்தப் ‘பொது’. பொதுத்துறை என்று சொல்லிப் பழகிவிட்டதால் நமக்கு உறுத்துவதில்லை. எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் பொது என்றால் பொதுக்குழாய். குடத்தை வரிசையில் வைத்தவருக்கெல்லாம் தண்ணீர் உண்டு, யார் வீட்டுக் குடம் என்ற கேள்வி கிடையாது (சண்டை உண்டு, அது வேறு). அரசு ஒரு கம்பெனிக்கு மானியமும் வரிச்சலுகையும் கொடுத்து விவசாயிகளிடம் அனுப்புவதற்கு அந்தப் பொதுவின் பெயரை ஏன் வைக்க வேண்டும்? அரசு என்றே சொல்லிவிடலாம். வேளாண் பல்கலைக்கழகமும் கூட்டுறவுச் சங்கமும் அரசு ஆகுமா என்று எண்ணூர் தம்பி கேட்டிருந்தார். பல்கலைக்கழகம் ஆகும். சங்கம் ஆகாது, அது உறுப்பினர்களுடையது, அதை விவசாயி பக்கம்தான் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

நம்ம மணலியையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் உரக் கம்பெனி 1966இல் தொடங்கியபோது இந்திய அரசுக்கு 51 சதவீதம், அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி அமோக்கோவுக்கு 49 சதவீதம். 1972இல் அமோக்கோவின் பங்கில் பாதி ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனிக்குப் போனது. பிபிபி என்ற பேச்சே இல்லாத காலம். அதைக் கூட்டு நிறுவனம் என்று சொன்னால் பொருந்தும், கூட்டுச் சேர்ந்தவர்கள் பெயர் பங்குப் பட்டியலில் இருந்தது. மீஞ்சூர் பக்கம் அதன் விஜய் மார்க் உர மூட்டை வாங்கி வயலில் போட்டவரைப் பார்ட்னர் என்று யாரும் கூப்பிடவில்லை. அவர் மூட்டை வாங்குகிறவர், அப்படித்தான் கணக்கிலும் எழுதியிருப்பார்கள். இப்போது விதையும் உரமும் விற்றுவிட்டு அதே ஆளைப் ‘பயனாளிப் பங்குதாரர்’ என்று எழுதுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் குறையை நாம் மட்டும் கண்டுபிடித்துவிடவில்லை. ரோமில் இருக்கும் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியம், இஃபாட் என்பார்களே, அதுவே மூன்று ‘பி’ போதாது என்று ‘புரொட்யூசர்’ என்பதையும் சேர்த்து ‘ஃபோர் பி’ என்று எழுதுகிறது. கையேட்டில் நமக்கு இடறுவது இந்தச் சொல்தான். ‘பொது-தனியார்-உற்பத்தியாளர் கூட்டாண்மை’ என்று கொருக்குப்பேட்டை அண்ணன் போட்டிருந்தார். தப்பில்லை அண்ணே, ஆனால் கிராம சபையில் யாராவது மைக் பிடித்து இதைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

> ‘முத்தரப்பு ஒப்பந்தம்’ என்று வைத்தால் என்ன? எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கலே. வடசென்னையில் முத்தரப்பு என்றால் நிர்வாகம், யூனியன், லேபர் ஆபீசர். அப்பா வேலையில் இருந்த நாளில் “இன்னிக்கு முத்தரப்பு” என்று சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்கு அம்மா கறி எடுக்க மாட்டார். சம்பளம் வருமா வராதா என்று தெரியும்வரை ரசம்தான். தகராறு முற்றிய இடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதற்கான சொல் அது. சேர்ந்து பயிர் வைப்பதற்கு ஒட்டாது.

நான் சொல்ல வந்தது: முப்பங்கு. அரசு, கம்பெனி, விவசாயி என்று மூன்று பங்கு. முப்பங்குத் திட்டம், முப்பங்கு உடன்பாடு.

இந்தச் சொல் எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை, காசிமேட்டில் கிடைத்தது. விசைப்படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாச் செலவையும் கழிப்பார்கள். மிச்சத்தை ஓனருக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். அதுதான் பங்கு. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் படகுக்குப் போகிறவர், அந்த வீட்டில் சம்பளம் என்ற சொல்லே புழங்காது, “பங்கு எவ்ளோ வந்துச்சு” என்பதுதான் வாசலில் கேட்கும் கேள்வி. வலை நிறைந்தால் இருவருக்கும் காசு, வெறும் வலை வந்தால் ஓனருக்கும் ஒன்றுமில்லை, இவருக்கும் ஒன்றுமில்லை. அதே துறைமுகத்தில் இன்னொன்றும் உண்டு. டீசலுக்கு முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே மீனைப் போட வேண்டும், அவர் சொன்ன விலைதான். அதை அங்கே யாரும் பங்கு என்று சொல்லிக் கேட்டதில்லை, கடன் என்றுதான் சொல்கிறார்கள். கடலுக்குப் போகிறவர் இவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பேசும்போது, கலைச்சொல் குழு இரண்டையும் ஒரே ‘கூட்டாண்மை’யில் அடைப்பது நன்றாகவா இருக்கிறது?

வெளிநாட்டு உதாரணங்களையும் இதில் வைத்து உரசிப் பார்த்தேன், கையேட்டில் அவைதானே நிறைய வருகின்றன. கென்யாவில் 1964இல் சிறு தேயிலை விவசாயிகளுக்காக அரசு ஓர் அமைப்பைத் தொடங்கியது. 2000இல் அது தனியார்மயமானது, இன்றைக்கு அந்தத் தேயிலைத் தொழிற்சாலைக் கம்பெனிகளின் பங்கு விவசாயிகளிடம் இருக்கிறது. பறித்துக் கொடுத்த கொழுந்துக்கு மாதா மாதம் ஒரு தொகை, ஆண்டுக் கணக்கு முடிந்ததும் தேயிலை விற்ற விலையைப் பார்த்து இன்னொரு தொகை. அந்த இரண்டாவது தொகைக்கு அங்கே பெயர் ‘போனஸ்’, நம் ஊர் தீபாவளி போனஸ் மாதிரியே அதற்காக வருஷம் பூரா காத்திருக்கிறார்கள், குறைந்தால் சண்டைக்கும் போகிறார்கள். இது முப்பங்கு இல்லை, விவசாயிகளின் சொந்தக் கம்பெனி. ஆனால் பங்கு என்றால் என்ன என்பதற்கு நல்ல அளவுகோல்.

உகாண்டாவில் விக்டோரியா ஏரிக்குள் இருக்கும் புகாலா தீவில் எண்ணெய்ப்பனை போட்டார்கள். அரசு, தனியார் கம்பெனி, விவசாயிகளின் அறக்கட்டளை மூன்றும் சேர்ந்தது, இஃபாட் கடனும் உண்டு, கம்பெனியில் அறக்கட்டளைக்கு 10 சதவீதப் பங்கு. காடு அழிந்தது, நிலம் பறிபோனது என்ற குற்றச்சாட்டுகளும் அந்தத் தீவின் கதையில் சேர்ந்தவைதான், அதை மறைத்து எழுதக் கூடாது. இருந்தாலும் 10 என்று காட்ட ஓர் எண் இருக்கிறது, அதனால் முப்பங்கு என்று எழுதலாம். இந்தோனேசியாக்காரர்கள் இன்னும் சுவாரசியம். 1970களின் கடைசியில் கொண்டுவந்த தோட்டத் திட்டத்தில் பெரிய தோட்டத்துக்குக் ‘கரு’ என்று அவர்கள் மொழியிலேயே பெயர் வைத்தார்கள், சுற்றியிருக்கும் சிறு விவசாயிகளின் நிலம் ‘பிளாஸ்மா’. செல் படம் வரைகிற மாதிரி, யார் நடுவில், யார் சுற்றி என்று சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சொல்லாக்கம் என்று பார்த்தால் எனக்கு அது பிடித்திருக்கிறது. திட்டம் எப்படி நடந்தது என்பது வேறு கதை.

> முப்பங்கு என்றால் ‘மூன்று மடங்கு’ என்று ஆகிவிடாதா? மூன்றும் சமபங்கு என்றும் நினைப்பார்களே?

மடங்குக் குழப்பம் வரும், ஒத்துக்கொள்கிறேன். ‘முப்பங்கு லாபம்’ என்று யாராவது எழுதினால் தொலைந்தோம். ஆனால் முக்கனி, முத்தமிழ் என்று சொல்லும்போது யாரும் மடங்கு என்று நினைப்பதில்லை, திட்டம், உடன்பாடு என்று பின்னால் ஒன்று ஒட்டிவிட்டால் தெளிந்துவிடும். சமபங்கு என்று நினைத்தால் நினைக்கட்டுமே. “எங்க பங்கு எத்தனை?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்கும்படி ஒரு சொல் இருந்தால் எனக்கு அது போதும். விவசாயிக்குப் பங்கே இல்லாத திட்டத்துக்கு இந்தச் சொல்லைப் போடக் கூடாது என்று சொற்பட்டியலில் ஒரு வரி கட்டாயம் சேர்க்க வேண்டும்.

பங்கு இல்லாதவற்றுக்கு? அங்கேதான் கான்ட்ராக்ட் ஃபார்மிங் (விளைந்ததைக் கம்பெனிக்கே கொடுப்பதாக முன்கூட்டியே பேசிப் பயிர் வைப்பது) வருகிறது. ‘ஒப்பந்தப் பண்ணையம்’ என்பது அரசுச் சொல். 2019இல் தமிழ்நாடு இதற்கென்று தனிச் சட்டமே போட்டது, அதனால் சட்டத்தைக் குறிக்கும் இடத்தில் அதை மாற்ற முடியாது. மற்ற இடங்களில் எனக்கு ஒப்பவில்லை. பண்ணை என்றதும் பண்ணையாரும் பண்ணையாளும் பின்னாலேயே வருகிறார்கள்; தஞ்சாவூரில் பண்ணையாள் பாதுகாப்புக்கென்றே 1952இல் சட்டம் போட வேண்டியிருந்த ஊர் நம்முடையது. ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் எங்கே பண்ணையம் நடத்துகிறார்? சொந்த நிலத்தில் அவரையே பண்ணையாள் ஆக்குகிற மாதிரி கேட்கிறது.

விவசாயிகளிடம் சொல் இருக்கிறது: பதிவு. ஊத்துக்கோட்டை பக்கம் எங்கள் மாமா இரண்டு ஏக்கர் கரும்பு வைத்திருந்தார். கான்ட்ராக்ட் என்றோ ஒப்பந்தம் என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை, “மில்லுக்குப் பதிவு பண்ணிட்டேன்” என்பார். பதிவுக் கரும்பு, பதிவு இல்லாத கரும்பு. முற்றியதும் ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர வேண்டும், வந்தால்தான் ஆளைக் கூப்பிட முடியும். ஒரு வருஷம் உத்தரவு வருகிறது, வருகிறது என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது. கரும்பு பூத்துவிட்டது, தோகையெல்லாம் காய்ந்து, எடை போய்விட்டது. எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம். வெட்டி அனுப்பிய பிறகு பணத்துக்கும் அலைச்சல். 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளில் பணம் வர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. இதை நான் சொன்னபோது மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “வட்டி வேணாம்மா, அசலைக் குடுக்கச் சொல்லு” என்றார். அடுத்த பட்டத்திலிருந்து நெல்லுக்கு மாறிவிட்டார். அதனால் என் ஓட்டு ‘பதிவுச் சாகுபடி’க்கு. கறிக்கோழிக்கு மட்டும் இது பொருந்தாது. கோழியும் தீவனமும் கம்பெனியுடையது, கொட்டகையும் உழைப்பும் மட்டும் நம்முடையது, பல்லடம் பக்கம் அவர்களே ‘வளர்ப்புக் கூலி’ என்று சரியாகச் சொல்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்வோம்.

கடைசியாக ‘சைடு செல்லிங்’. கம்பெனியிடம் பதிவு செய்துவிட்டு, சந்தையில் விலை ஏறியதும் வெளியாளுக்கு விற்பது. ‘பக்க விற்பனை’ என்று ஒருவர் போட்டிருக்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள், பக்கோடா விற்பனை மாதிரி இருக்கிறது. “வெளியில போட்டுட்டான்” என்றுதான் பேச்சில் வரும், அதனால் வெளிவிற்பனை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? விவசாயி சொல் தவறுவதற்குக் கையேடு முழுக்க இந்தப் பெயர் வருகிறது. விலை இறங்கியதும் ‘தரம் இல்லை’, ‘அளவு பத்தவில்லை’ என்று கம்பெனி எடுக்காமல் விடுவதற்கு அதே கையேட்டில் தனிப்பெயர் எதுவும் இல்லை, அந்தந்த இடத்தில் இரண்டு வாக்கியம் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறார்கள். மூலத்தில் இல்லையென்றால் நாமும் விட வேண்டுமா என்ன? ‘கைவிரிப்பு’ என்று வைப்போம். வெளிவிற்பனையும் கைவிரிப்பும் சொற்பட்டியலில் அடுத்தடுத்த வரியில் வரட்டும். மூலத்துக்கு விசுவாசமில்லை என்று ஐயா அடிக்க வருவார், தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இரண்டாம் அத்தியாயம் என்னிடம்தான் இருக்கிறது, சொல் முடிவானால்தான் நகரும். ‘அக்ரிகேட்டர்’ (பல விவசாயிகளிடம் விளைச்சலைத் திரட்டி விற்பவர்) பற்றித் தனி மடல் போடலாம், இதில் நுழைத்தால் விடிந்துவிடும். மாமா நாளைக்குச் சொர்ணவாரிப் பருவ நெல்லை ஏற்றிக்கொண்டு செங்குன்றம் மண்டிக்கு வருகிறார். ‘கைவிரிப்பு’ என்று அவரிடம் சொல்லிப் பார்க்கப் போகிறேன், விளக்கம் கேட்காமல் சிரித்தாரென்றால் உங்களுக்கு எழுதுகிறேன்.