பழைய ஃபைபர் படகு வாங்குறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

கேள்வி: நாகப்பட்டினத்துல ஒரு 28 அடி ஃபைபர் படகு அவுட்போர்டு எஞ்சினோட (படகுக்குப் பின்னாடி வெளியே மாட்டுற எஞ்சின்) சேர்த்து விலைக்கு வருது. புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க, விலையும் குறைவு. எதுல ஏமாத்துவாங்க அண்ணே?

பதில் 1: அந்தப் புது பெயிண்ட்டைத்தான் முதல்ல சந்தேகப்படணும் தம்பி. வெடிப்பையும் ஒட்டுப்போட்ட இடத்தையும் அது மறைச்சிடும். மரச் சுத்தியலால அடிப்பக்கம் முழுக்க லேசா தட்டுங்க. கணீர்னு கேட்டா நல்லது. பொத்துன்னு கேட்டா உள்ளே அடுக்கு பிரிஞ்சிருக்கு. எஞ்சின் மாட்டுற பின்பலகைதான் முக்கியம். உள்ளே ஒட்டுப்பலகை இருந்தா, போல்ட் ஓட்டை வழியா தண்ணி இறங்கி உளுத்துடும். எஞ்சினைத் தூக்கி நிறுத்தி மேலும் கீழும் அமுக்கிப் பாருங்க. பலகை அசைஞ்சா வாங்காதீங்க.

பதில் 2: எஞ்சின் ஆறி இருக்கும்போதே போங்க. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வெச்சா, ஸ்டார்ட்டிங் கோளாறு வெளியே தெரியாது. கியர் ஆயில் கீழ் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துங்க. ஆயில் பால் நிறத்துல வந்தா சீல் போயி தண்ணி ஏறியிருக்கு.

பதில் 3: ஆர்சி (பதிவுச் சான்றிதழ்) அசலைப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. படகுல எழுதின பதிவு எண், எஞ்சின் நம்பர் ரெண்டும் ஆர்சியில இருக்கிறதோட ஒத்துப்போகணும். நம்பர் தகட்டைச் சுரண்டியிருந்தா திருட்டு எஞ்சினா இருக்கலாம். கடன் பாக்கியையும் மீன்வளத்துறை அலுவலகத்துல பெயர் மாத்துற வழியையும் விசாரிச்சிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்க.